மலைக்காட்டு வரைபடம் தப்பாக வந்தால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

தண்டையார்பேட்டையில் ஒரு மாடி அறையில், மாலை நேரங்களில், செயற்கைக்கோள் படங்களைப் படிக்கக் கற்றுத் தருகிறேன். வருகிறவர்கள் திருவொற்றியூர், ராயபுரம், கொருக்குப்பேட்டை, மணலிப் பிள்ளைகள். எண்ணூர்க் கழிமுகத்தின் அலையாத்திச் செடிகளை வரைந்து பழகி விரைவிலேயே கை தேர்ந்துவிடுகிறார்கள். பிறகு ஒருவர் நீலகிரிச் சோலைக்காட்டையோ பழனி மலைப் புல்வெளியையோ வரைய உட்காருவார். ஒரே வாரத்தில் படம் கோணிக்கொள்ளும். உடனே, எந்தப் படப்புள்ளி எந்தத் தாவரம் என்று வகைப்படுத்தும் நிரலை மாற்றுவார், அதற்குக் கற்பிக்கும் பயிற்சிப் புள்ளிகளைக் கூட்டுவார், கடைசியில் மனம் சோர்ந்து என்னிடம் வருவார்.

அவர்களிடம் திறமைக் குறைவு இல்லை. நாம் வளர்ந்த நிலம் தட்டையானது, அவ்வளவுதான். பேசின் பாலத்தின் ஏற்றமே நமக்கு மேடு. இந்த நிலத்தில் ஒரு படப்புள்ளி இருட்டாகத் தெரிந்தால், அங்கே இருட்டான ஏதோ ஒன்று இருக்கிறது என்று நம்பலாம். மலையில் அப்படி நம்ப முடியாது. வெயில் படாத சரிவும் இருட்டு, அடர்ந்த காடும் இருட்டு. ஆகவே மலை வரைபடம் கெட்டால் முதலில் தரையைச் சந்தேகப்படுங்கள், செடியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கீழே உள்ளவை என் அறையில் திரும்பத் திரும்ப வந்த கோளாறுகள். உங்கள் திரையில் தெரிவது எதுவோ அதற்கு நேராகப் போய்ப் படியுங்கள்.

நீலகிரி வங்கக் கடலில் கிடக்கிறது

சென்னைக்காரர்களுக்கே உரிய பிழை இது. வரைபடத்தில் இடங்களைக் குறிக்க உலகைச் செங்குத்துப் பட்டைகளாகப் பிரிக்கும் முறை யு.டி.எம். அதன் மண்டலங்கள் ஒவ்வொன்றும் 6 பாகை அகலம். சென்னை 80 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையை ஒட்டி இருப்பதால் 44ஆம் மண்டலம். உதகமண்டலமும் கொடைக்கானலும் 78 பாகைக்கு மேற்கே இருப்பதால் 43ஆம் மண்டலம். எண்ணூர் வேலைக்கு வைத்திருந்த 32644 என்ற குறியீட்டெண்ணை மலைத் தரவுக்கும் கொடுத்துவிட்டால் தொட்டபெட்டா 6 பாகை கிழக்கே நகர்ந்து கடலில் விழும். 32643 என்று கொடுங்கள். ஏற்காடும் கொல்லிமலையும் 44க்குள்தான் வரும் என்பதால், "மலை என்றால் 43" என்று மனப்பாடம் செய்துகொள்ளாதீர்கள்.

தரவுக்குத் தவறான பெயர் ஒட்டியிருந்தால் பெயரை மட்டும் திருத்த வேண்டும். கியூஜிஐஎஸ் மென்பொருளில் மறுவீழ்த்தம் செய்யும் (தரவை வேறு மண்டலத்துக்குக் கணக்கிட்டு மாற்றும்) கருவியை அவசரத்தில் ஓட்டினால் தவறு கோப்புக்குள்ளேயே பதிந்துவிடும், அப்புறம் தேடிக் கண்டுபிடிப்பது கடினம்.

ஒவ்வொரு மலையிலும் ஒரு பக்கம் மட்டும் காடு

தென்கிழக்குச் சரிவெல்லாம் புல்வெளி, வடமேற்குச் சரிவெல்லாம் சோலை. படத்தைத் தள்ளி நின்று பார்த்தால் யாரோ மலையை நெடுக்காகக் கிழித்து இரு வண்ணம் பூசியதுபோல இருக்கும். என்னிடம் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இதுவே. இதைப் பொறுமையாகப் படியுங்கள்.

நாம் பயன்படுத்தும் படங்களை எடுக்கும் ஐரோப்பியச் செயற்கைக்கோளான சென்டினல்-2 உள்ளூர்ச் சூரிய நேரப்படி காலை பத்தரை மணி அளவில் கடந்து போகிறது. ஜனவரியில் அந்த நேரத்தில் நீலகிரிக்குச் சூரியன் தென்கிழக்கில், அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 52 பாகை உயரத்தில் நிற்கும். சூரியனைப் பார்த்திருக்கும் 35 பாகைச் சரிவில் ஒளி கிட்டத்தட்ட செங்குத்தாக விழும். முதுகைக் காட்டும் அதே 35 பாகைச் சரிவில் சாய்ந்து விழும் ஒளி அதில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. மரம் ஒன்றே, இலை ஒன்றே, ஆனால் படத்தில் மும்மடங்குக்கும் மேல் வேறுபாடு. நிரலுக்கு அது இரண்டு வகைத் தாவரமாகத் தெரிவதில் வியப்பில்லை.

நம் ஊர் மொட்டைமாடியிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும் சென்னைக்கு நிழலில்லா நாள் வருகிறது. நண்பகலில் குச்சியின் நிழல் குச்சியின் காலடியிலேயே அடங்கிவிடும். அந்த இரு நாள்களுக்கு நடுவே சூரியன் நமக்கு வடக்கே போய்விடுகிறது, நண்பகல் நிழல் தெற்கே விழுகிறது. நீலகிரிக்கும் இதே கதைதான், தேதிகள் மட்டும் சில நாள்கள் தள்ளும். மலைக்கு நிலையான நிழல் பக்கம் என்று ஒன்று கிடையாது. "வடக்குச் சரிவு நிழல்" என்ற பாடம் ஐரோப்பாவில் எழுதப்பட்டது, 11 பாகை அட்சரேகைக்கு அப்படியே பொருந்தாது.

முதல் சோதனையும் இதிலிருந்தே கிடைக்கிறது. ஜனவரிப் படம் ஒன்றும் ஏப்ரல் மூன்றாம் வாரப் படம் ஒன்றும் எடுங்கள். ஏப்ரலில் பத்தரை மணிச் சூரியன் ஏறக்குறைய நேர் கிழக்கில், 70 பாகை உயரத்தில் இருக்கும். இரண்டையும் தனித்தனியே வகைப்படுத்திச் சோலையின் விளிம்புக் கோட்டை மட்டும் ஒப்பிடுங்கள். புல் பருவத்துக்குப் பருவம் நிறம் மாறும், சோலை பசுமை மாறாதது. விளிம்பு நகர்ந்தால் நீங்கள் வரைந்தது நிழல். அசையாமல் நின்றால் அது காடு.

நிழல் என்று உறுதியானால் திருத்தத்துக்கு வாருங்கள். தரையின் உயரத்தைப் புள்ளிக்குப் புள்ளி சொல்லும் உயர மாதிரியிலிருந்து சரிவையும் சரிவு நோக்கும் திசையையும் கணக்கிட்டு, சூரியனின் நிலையைச் சேர்த்து, ஒவ்வொரு படப்புள்ளியிலும் ஒளி விழும் கோணத்தின் கொசைன் மதிப்பைப் பெற வேண்டும். அதை வைத்து நேராக வகுக்கும் முறைக்குக் கொசைன் திருத்தம் என்று பெயர். அதைப் பயன்படுத்தாதீர்கள். நிழல் சரிவுக்கும் வானத்திலிருந்து சிதறிய ஒளி கொஞ்சம் வருகிறது. அந்தத் திருத்தம் அதைக் கணக்கில் எடுக்காமல் நிழலைக் கண் கூசும் அளவுக்கு வெளுக்க வைத்துவிடும். சி-திருத்தம் மேல். ஒவ்வொரு அலைப்பட்டைக்கும் எதிரொளிப்பை அந்தக் கொசைனோடு நேர்கோட்டில் பொருத்துங்கள். கோடு செங்குத்து அச்சை வெட்டும் மதிப்பை அதன் சாய்வால் வகுத்தால் வருவதே சி. வகுக்கும் இடத்திலும் பெருக்கும் இடத்திலும் அதைக் கூட்டிக்கொண்டால் மிகைத் திருத்தம் அடங்கும்.

பலர் இங்கேதான் வழுக்குகிறார்கள். சோலை இயல்பாகவே மலை மடிப்புகளில், நீர் இறங்கும் பள்ளங்களில் வளர்கிறது. புல் முகடுகளிலும் திறந்த சரிவுகளிலும் இருக்கிறது. படம் முழுவதையும் போட்டுக் கோடு பொருத்தினால், தாவரத்தின் உண்மையான வேறுபாட்டையும் ஒளியின் வேறுபாடாக எண்ணி நிரல் துடைத்துவிடும். சோலை என்று ஐயமின்றித் தெரிந்த இடங்களை மட்டும் எடுத்துக் கோடு போடுங்கள். புல்வெளிக்குத் தனியாக ஒரு கோடு போடுங்கள். திருத்திய பிறகு மறுபடியும் கொசைனுக்கு எதிராக அகச்சிவப்பைப் புள்ளி வரைபடமாகப் பாருங்கள். கோடு கிடையாகப் படுத்திருந்தால் சரி. மேல்நோக்கிச் சாய்ந்தால் திருத்தம் போதவில்லை. கீழ்நோக்கிச் சாய்ந்தால் மிகையாகிவிட்டது. ஏற்கெனவே சரிவுத் திருத்தம் செய்யப்பட்ட தரவின் மேல் நீங்கள் இன்னொரு முறை செய்தாலும் கீழ்நோக்கித்தான் சாயும், ஆகவே தரவோடு வரும் விவரக் கோப்பை முதலில் படித்துவிடுங்கள்.

தாவரக் குறியீடுகளைப் பற்றி ஒன்று. பசுமையை அளக்கும் என்.டி.வி.ஐ. (அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுப்பது) வெறும் விகிதம் என்பதால் ஒளிக் குறைவு பெருமளவு தானே அடிபட்டுப் போகும். அதன் மேம்படுத்திய வடிவமான இ.வி.ஐ. குறியீட்டின் வகுஎண்ணில் ஒரு மாறிலி கூட்டப்படுவதால் அந்த நன்மை கிடைக்காது. அடர்ந்த காட்டுக்கு இ.வி.ஐ. நல்லது என்று பாடத்தில் படித்ததை மட்டும் நம்பித் திருத்தாத மலைப் படத்தில் அதைப் போடாதீர்கள்.

காட்டுக்குள் குளங்கள் முளைக்கின்றன

மலையின் ஆழ்ந்த நிழலும் தண்ணீரும் எல்லா அலைப்பட்டைகளிலும் இருட்டாகவே இருக்கும். தரவோடு வரும், ஒவ்வொரு படப்புள்ளியும் மேகமா தண்ணீரா செடியா என்று சொல்லும் வகை அடுக்கே சில இடங்களில் நிழலைத் தண்ணீர் என்று குறித்திருக்கும். சரிவு 10 பாகைக்கு மேல் உள்ள எந்தப் படப்புள்ளியும் குளமாக இருக்க முடியாது என்று ஒரு நிபந்தனை எழுதினால் பெரும்பகுதி தீர்ந்துவிடும். மேகத்தை நீக்குவதாக எண்ணி நிழல் சரிவுகள் முழுவதையும் வெட்டி எறிந்துவிடும் தவறும் இதன் தங்கைதான், மேக நிழலின் பெயரில் எத்தனை படப்புள்ளிகள் போயின என்று சரிவுத் திசைவாரியாக எண்ணிப் பாருங்கள்.

2022 ஜனவரிக்குப் பிறகு காடு திடீரென வாடுகிறது

ஆண்டுகளை ஒப்பிடும்போது இது வரும். 2021 வரை என்.டி.வி.ஐ. 0.8 என்று நின்ற சோலை, அடுத்த ஆண்டில் 0.5க்கு இறங்கிவிட்டதாகக் காட்டும். வறட்சி, நோய் என்று கதை எழுதுமுன் தரவைப் பாருங்கள். 2022 ஜனவரி 25 முதல் சென்டினல்-2 தரவின் பதப்படுத்தும் முறை 04.00 என்ற பதிப்புக்கு மாறியது. அதிலிருந்து எல்லா மதிப்புகளோடும் 1000 கூட்டித் தருகிறார்கள். நீங்கள் அதைக் கழித்துவிட்டுத்தான் 10000 ஆல் வகுக்க வேண்டும்.

கழிக்காவிட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அகச்சிவப்பு 3000, சிவப்பு 300 என்றால் குறியீடு 0.82. இரண்டோடும் 1000 சேர்த்தால் 4000, 1300. குறியீடு 0.51 ஆகிவிடும். காட்டில் ஓர் இலையும் உதிரவில்லை.

படம் எடுத்த தேதியை வைத்து முடிவு செய்யாதீர்கள். பழைய படங்களையும் புதிய முறையில் மறுபடி பதப்படுத்தி வெளியிட்டிருக்கிறார்கள், 2018ஆம் ஆண்டுப் படத்திலும் அந்த 1000 இருக்கலாம். ஒவ்வொரு கோப்பிலும் பதிப்பு எண்ணைப் படித்துக் கழிப்பதே பாதுகாப்பு. கூகுள் எர்த் என்ஜின் என்ற இணையத் தளத்தில் வேலை செய்கிறவர்கள், இந்த 1000 ஏற்கெனவே கழிக்கப்பட்ட, சமப்படுத்திய தொகுப்பையே எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

மரங்கள் 90 மீட்டர் உயரம், அல்லது தரைக்குக் கீழே

இனி லேசருக்கு வருகிறோம். விமானத்திலிருந்து நொடிக்குப் பல லட்சம் லேசர் துடிப்புகளை அனுப்பி, திரும்பி வரும் நேரத்தை அளந்து, புள்ளிமேகம் ஒன்றை உருவாக்குகிறார்கள். இலையில் பட்டுத் திரும்பியதும் உண்டு, தரையில் பட்டுத் திரும்பியதும் உண்டு. மர உச்சிகளின் உயரத்தைக் காட்டும் மேற்பரப்பு மாதிரியிலிருந்து வெறும் மண்ணின் உயரத்தைக் காட்டும் தரை மாதிரியைக் கழித்தால் தாவர உயரம் வரும். நம் மலைகளுக்கு இத்தகைய தரவு எளிதில் கைக்கு வருவதில்லை. ஆகவே என் மாணவர்களை சுவிட்சர்லாந்தின் தரவில் பழகச் சொல்கிறேன். அந்நாட்டு நில அளவைத் துறை 2021 முதல் அதை இலவசமாகத் தருகிறது. ஆல்ப்ஸ் மலையின் பச்சை ஆல்டர் புதர்களும் குட்டைப் பைன்களும் நம் சரிவுப் புதர்களைப்போலவே பிடிவாதமானவை. அங்கே கற்றுக்கொண்டது இங்கே உதவும்.

எல்லா மரமும் ஒரே அளவில் அபத்தமாக உயர்ந்திருந்தால் இரண்டு அடுக்குகளும் இரண்டு வேறு அடிமட்டங்களிலிருந்து அளக்கப்பட்டிருக்கின்றன. ஒன்று கடல் மட்டத்திலிருந்து, இன்னொன்று பூமியைக் குறிக்கும் கணித நீள்வட்டப் பரப்பிலிருந்து. உலகின் பல பகுதிகளில் இந்த வேறுபாடு சில பத்து மீட்டர். நம் தென்னிந்தியாவிலோ மிகப் பெரியது, ஏனென்றால் இந்தியப் பெருங்கடலில், இலங்கைக்குத் தெற்கே, பூமியின் ஈர்ப்புப் பரப்பு உலகிலேயே மிகத் தாழ்ந்து 100 மீட்டருக்கும் மேல் குழிந்து கிடக்கிறது. அந்தக் குழிவின் ஓரத்தில்தான் நாம் வாழ்கிறோம். காசிமேட்டுக் கடற்கரையில் நின்று, நீள்வட்ட உயரத்தைத் திருத்தாமல் காட்டும் ஜி.பி.எஸ். செயலி ஒன்றைத் திறந்தால், கழித்தல் 80க்கும் கீழான எண் ஒன்று தெரியும். கால் நனையும் இடத்தில் நிற்கும்போது அந்த எண்ணைப் பார்த்த எந்த மாணவரும் இந்தப் பாடத்தை மறந்ததில்லை. இரண்டு அடுக்குகளையும் ஒரே அடிமட்டத்துக்கு மாற்றிவிட்டுக் கழியுங்கள்.

வெறும் பாறை முகட்டில் மரம் நிற்கிறது

இதில் குற்றவாளி தரை வடிகட்டி. எந்தப் புள்ளி தரை, எது செடி என்று பிரிப்பதற்கு மென்பொருள் ஒரு கற்பனைத் தரையைத் தேடுகிறது. புழக்கத்தில் இருக்கும் ஒரு முறை, புள்ளிமேகத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து அதன்மேல் ஒரு துணியை விரிப்பதுபோலக் கணக்கிடும். துணி எங்கே படிகிறதோ அது தரை. துணி விறைப்பாக இருந்தால் சமநிலத்துக்கு அழகாகப் பொருந்தும், ஆனால் கூர்மையான முகட்டின் வளைவுக்குள் அது இறங்காது. இறங்காமல் விட்ட பாறையை எல்லாம் "தாவரம்" என்று ஒதுக்கிவிடும்.

கிளவுட்கம்பேர் மென்பொருளில் இந்த முறைக்குச் செங்குத்துச் சரிவு, மேடுபள்ளம், சமநிலம் என்று மூன்று தேர்வுகள் உண்டு. வண்ணாரப்பேட்டைத் தெருக்களுக்குப் பழகிய கை மூன்றாவதைத்தான் அழுத்தும். மலைக்கு முதலாவதை அழுத்துங்கள், சரிவுக்குப் பின்திருத்தம் செய்யும் கட்டத்தையும் குறியிடுங்கள். துணியின் இழை இடைவெளியையும் குறைத்துப் பாருங்கள். பிறகு தரை மாதிரியிலிருந்து மலைநிழல் படம் ஒன்று போடுங்கள். முகடுகள் கத்தியால் சீவியதுபோல மழுங்கியிருந்தால் இன்னும் தளர்த்த வேண்டும்.

அளவுக்கு மீறித் தளர்த்தினால் எதிர்ப்பக்கக் கோளாறு தலைகாட்டும். அடர்ந்த காட்டில் மிகச் சில துடிப்புகளே மண்ணைத் தொடுகின்றன. தளர்ந்த துணி புதர்களின் தலையில் படிந்து அதையே தரை என்று கொள்ளும், மரங்கள் எல்லாம் சில மீட்டர் குட்டையாகிவிடும். இதைக் கண்டுபிடிக்க, ஒவ்வொரு 5 மீட்டர்க் கட்டத்திலும் எத்தனை தரைப்புள்ளிகள் விழுந்தன என்று ஒரு வரைபடம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கை பூஜ்யமாக உள்ள இடத்தில் தரை மாதிரி சொல்வது ஊகம். அந்தக் கட்டங்களை முடிவிலிருந்து விலக்குங்கள், அல்லது வரைபடத்தில் கோடிட்டுக் காட்டுங்கள். மறைக்கவே கூடாது.

முழு மலைக்கும் ஒரே அமைப்பு வேண்டும் என்ற பிடிவாதம் எனக்கு இல்லை. முகட்டுக்கு ஒன்று, பள்ளத்துக் காட்டுக்கு ஒன்று என்று இரண்டு முறை ஓட்டி, எல்லையில் ஒட்டிக்கொள்வதில் எந்தத் தவறும் இல்லை.

மரத்தின் உச்சி சரிவின் கீழ்ப்பக்கமாகச் சாய்கிறது

பெரிய கவிகையுள்ள, அதாவது கிளையும் இலையும் அகல விரிந்த மரம் செங்குத்துச் சரிவில் நிற்கும்போது, அதன் கீழ்ப்பக்கக் கிளைக்கு நேர் கீழே தரை மிகத் தாழ்ந்திருக்கும். தரையைக் கழித்ததும் அந்தக் கிளையே மரத்தின் உச்சி ஆகிவிடும். தனி மரங்களை எண்ணுகிறவர்கள், உச்சிகளைக் கழிக்காத மேற்பரப்பு மாதிரியில் கண்டுபிடித்துவிட்டு, அந்தப் புள்ளியின் உயரத்தை மட்டும் பிறகு கணக்கிடுங்கள்.

புதர் உயரமே தெரியவில்லை

இதற்கு நிரலில் மருந்தில்லை. ஒரு லேசர் துடிப்பு 4 நானோநொடி நீண்டால், 60 சென்டிமீட்டருக்குள் இருக்கும் இரு பொருள்கள் ஒரே எதிரொலியாகக் கலந்துவிடும். முழங்கால் உயரப் புல்லையும் அதன் அடியில் உள்ள மண்ணையும் அது பிரிக்காது. புல்லுக்கும் குறும்புதருக்கும் உயரத்தை நம்பாமல் நிறத்தை, அதாவது செயற்கைக்கோள் படத்தை நம்புங்கள்.

விண்வெளி லேசர் தரவில் சரிவுக் காடுகள் மட்டும் ஓங்கி நிற்கின்றன

விமானத் தரவு இல்லாதபோது பலர் ஜெடி கருவியின் அளவுகளை எடுக்கிறார்கள். 2018 டிசம்பரில் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கு அனுப்பப்பட்ட கருவி அது. அதன் ஒவ்வொரு அளவும் 25 மீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டத்தின் மொத்த எதிரொலி. 30 பாகைச் சரிவில் அந்த வட்டத்தின் மேல் ஓரத்துக்கும் கீழ் ஓரத்துக்கும் உயர வேறுபாடு 14 மீட்டருக்கு மேல். மரமே இல்லாத புல்வெளிகூட அங்கே காடுபோல எதிரொலிக்கும். சரிவு 20 பாகையைத் தாண்டிய அளவுகளை நான் விலக்கிவிடுகிறேன். மலையில் அதற்குப் பிறகு மிஞ்சுவது கொஞ்சம்தான், ஆனாலும் அந்தக் கொஞ்சத்தை நம்பலாம்.

சோலையும் சீகையும் ஒன்றாகக் கலக்கின்றன

எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் கோளாறு இது. நீலகிரியிலும் பழனி மலையிலும் ஆங்கிலேயர் காலத்திலும் அதற்குப் பிறகும் நட்ட சீகை (வாட்டில் மரம்), கற்பூர மரம் (யூகலிப்டஸ்), பைன் ஆகியவை புல்வெளியைத் தின்றுவிட்டன. சீகை இன்னும் தானாகவே பரவிக்கொண்டிருக்கிறது. வரைபடம் சீகையைச் சோலை என்று காட்டினால், அழிந்த புல்வெளியை "காடு வளர்ந்திருக்கிறது" என்று கணக்கெழுதிவிடுவோம். அந்த ஒரு பிழைக்காகவே மற்ற எல்லாப் பிழைகளையும் திருத்தக் கற்க வேண்டும்.

இரண்டும் பசுமை மாறாதவை என்பதால் ஒற்றைத் தேதிப் படம் போதாது. சிவப்புக்கும் அகச்சிவப்புக்கும் இடைப்பட்ட சிவப்பு விளிம்புப் பட்டைகளையும், குற்றலை அகச்சிவப்புப் பட்டைகளையும் சேருங்கள். அவை 20 மீட்டர் அளவில் வருபவை என்பதால் 10 மீட்டருக்கு மாற்றினாலும் விவரம் கூடாது என்பதை நினைவில் வையுங்கள். ஆண்டு முழுவதன் தெளிந்த படங்களை அடுக்கிப் பாருங்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனியில் புல் பழுப்பாகக் கருகிவிடும், அப்போது புல்வெளிக்கு நடுவே பச்சையாக நிற்கும் ஒவ்வொரு புள்ளியும் ஊடுருவிய இளஞ்செடியாக இருக்க வாய்ப்பு அதிகம். லேசர் உயரம் கிடைத்தால் இன்னும் தெளிவு. தோட்ட மரங்கள் ஒரே வயதில் ஒரே உயரமாக நிற்கும். சோலையின் மேற்பரப்பு குண்டும் குழியுமாக, பூக்கோசு அடுக்கியதுபோல இருக்கும். உயரத்தைவிட அந்த உயரத்தின் சிதறல்தான் இங்கே நல்ல சாட்சி.

துல்லியம் 95 சதவீதம், மலையில் போய்ப் பார்த்தால் பாதி தப்பு

மாதிரிப் புள்ளிகளைக் குலுக்கிப் போட்டுப் பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரித்திருப்பீர்கள். பக்கத்துப் பக்கத்துப் படப்புள்ளிகள் இரண்டு கூட்டத்திலும் விழுந்திருக்கும். வினாத்தாளைப் படித்துவிட்டுத் தேர்வு எழுதியதுபோல நிரல் மதிப்பெண் வாங்கிவிட்டது. புள்ளிகளைப் பள்ளத்தாக்கு வாரியாகப் பிரித்து, ஒரு பள்ளத்தாக்கை முழுவதும் ஒளித்துவைத்து, மற்றவற்றில் பயிற்றுவித்து, ஒளித்ததில் சோதியுங்கள். மதிப்பெண் குறையும், ஆனால் அதுதான் உங்கள் வரைபடத்தின் உண்மையான மதிப்பு. சோதனைப் புள்ளிகள் சூரியனைப் பார்க்கும் சரிவிலும் பார்க்காத சரிவிலும் சம அளவில் இருக்கின்றனவா என்றும் எண்ணிப் பாருங்கள்.

வரைபடம் சரியாக இருந்து களப்புள்ளி தவறுவதும் உண்டு. சென்ற பருவத்தில் ஒரு மாணவி அழாத குறையாக வந்து, "சார், நான் சோலைக்குள் நின்று எடுத்த புள்ளி படத்தில் புல்வெளியில் விழுகிறது" என்றாள். கவிகைக்கு அடியில், இருபுறமும் மலை மறைக்கும் பள்ளத்தில், கைபேசியின் ஜி.பி.எஸ். பத்து மீட்டரும் அதற்கு மேலும் தவறும். அவள் நின்றதோ காட்டின் ஓரத்தில். சோலைக்குள் குறைந்தது 30 மீட்டர் நடந்து போங்கள். அட்டை ஏறும், பொருட்படுத்தாதீர்கள். ஓரிடத்தில் சில நிமிடம் அசையாமல் நின்று எண் நிலைபெற்ற பிறகு குறியுங்கள். நான்கு திசையிலும் படம் எடுத்து, சரிவு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைக் கையால் எழுதி வையுங்கள்.